பூனை மணல் பெட்டியை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது, என்ன செய்யலாம்?

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மிளகு நான்கு வயது ஆண், கருத்தடை செய்தாயிற்று. பஞ்சு ஒன்றரை வயதுப் பெண், இந்த வருடம்தான் வந்தாள், அவளுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. மிளகு குட்டியாக இருந்ததிலிருந்து பெட்டியைத் தவிர வேறெங்கும் போனதே இல்லை. இப்போது கொஞ்ச நாளாக மெத்தை, குளியலறைக் கால்மிதி, துவைக்கப் போட்டிருக்கும் துணி என்று மாறி மாறிச் சிறுநீர் கழிக்கிறான். மலம் மட்டும் ஒழுங்காகப் பெட்டியில்தான்.

பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. மூடி போட்டது, துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மணல் வாசனை சேர்த்த வகை. ப்ளீச் போட்டுத் துடைத்தாலும் மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறான். "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது. எனக்கு அவனை அனுப்ப மனமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பறவை எழுதியது:

பெட்டி, மணல், எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: சிறுநீர் வருகிறதா? ஒரு முறை போனால் எவ்வளவு? முக்குகிறானா, கத்துகிறானா, பின்பக்கத்தை அடிக்கடி நக்குகிறானா?

ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் பாதிக்கப்படும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து ஒரு துளியும் வரவில்லை என்றால் இந்த இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடு இரவானாலும் சரி. பல பேர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காலைவரை காத்திருக்கிறார்கள்.

மழைத்துளி எழுதியது:

வருகிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. முன்பெல்லாம் மணலில் எலுமிச்சை அளவுக் கட்டிகள் இருக்கும். இப்போது பெட்டியில் கிடைப்பதெல்லாம் கோலிக்குண்டு அளவுதான், எண்ணிக்கை மட்டும் அதிகம். நேரம் எடுத்து உட்காருகிறான். நக்குவதும் உண்டு. சாப்பாடு வழக்கம்போல.

இரவுப்பறவை எழுதியது:

அப்படியானால் இன்றே டாக்டரிடம் போங்கள். நன்றாக இருக்கும் பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறைதான் போகும். அடிக்கடி, சிறிது சிறிதாகப் போவது சிறுநீர்ப்பை வலியின் அடையாளம். இது எப்போது வேண்டுமானாலும் முழு அடைப்பாக மாறலாம்.

சிறுநீர்ப் பரிசோதனையும், கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனோ எக்ஸ்ரேயோ கேளுங்கள். ஊசி மூலம் சிறுநீர்ப்பையிலிருந்தே மாதிரி எடுத்தால் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பூனைகள் அதை அமைதியாகவே தாங்கிக்கொள்கின்றன.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பூனையின் கல்லீரலால் அதை மனிதர்களைப் போல உடைத்து வெளியேற்ற முடியாது. இபுப்ரோஃபெனும் ஆபத்துதான்.

கொல்லைப்புறம் எழுதியது:

இருபது வருடமாகப் பூனை வளர்க்கிறவன் சொல்கிறேன். பூனைக்கு வஞ்சம் உண்டு. நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பினால் எங்கள் தலையணையில்தான் போகும், வேறு எங்கும் போகாது. புதிதாக ஒரு பூனை வந்த கோபத்தை இவன் காட்டுகிறான். அந்த இடத்துக்குக் கொண்டுபோய் மூக்கைக் காட்டி ஒரு அதட்டல் போட்டால் அடங்கும்.

சாம்பல்வால் எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். நீங்கள் பார்த்தது உண்மை, அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. நீங்கள் இல்லாத நாட்களில் பூனையின் அன்றாடம் முழுவதும் குலைந்துபோகிறது. வாசனைதான் பூனைக்குத் தைரியம். உங்கள் வாசனை வீட்டிலேயே அதிகமாக இருக்கும் இடம் தலையணை. பதற்றத்தில் இருக்கும் பூனை அங்கே போய்த் தன் வாசனையையும் சேர்த்துவிடுகிறது. இது பழிவாங்கல் இல்லை.

மூக்கைத் தேய்ப்பதை யாரும் செய்ய வேண்டாம். எப்போதோ கழித்த சிறுநீருக்கும் இப்போது கிடைக்கும் அடிக்கும் பூனை முடிச்சுப் போடாது. உங்களைக் கண்டால் பயப்படும். உங்கள் கண்ணெதிரே போவதை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ போகும். பதற்றம் கூடக்கூடச் சிறுநீர்ப்பைத் தொந்தரவும் கூடும்.

கொல்லைப்புறம் எழுதியது:

சரி, வாசனை என்கிறீர்கள், யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதட்டலே கூடாது என்பதை இன்னும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மற்றவர்கள் சொல்வதையும் கேட்போம்.

மழைத்துளி எழுதியது:

டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். அடைப்பு இல்லை, கல் இல்லை. சிறுநீரில் கிருமியும் இல்லை, ஆனால் இரத்தம் கலந்திருக்கிறது. இடியோபதிக் சிஸ்டைட்டிஸ், அதாவது காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்று சொன்னார். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றார். எனக்குத்தான் குழப்பம். இரத்தம் வருகிறது, ஆனால் தொற்று இல்லை என்றால் எப்படி?

சாம்பல்வால் எழுதியது:

நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்று வருவது அபூர்வம். சிறுநீர்த் தொந்தரவோடு வரும் இளம் பூனைகளில் பாதிக்கு மேல் மிளகுவின் வகைதான். கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது, ஆனால் சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்பட்டிருக்கும், வலிக்கும், இரத்தம் கசியும். மன அழுத்தம் நேராகச் சிறுநீர்ப்பையில் போய் இறங்குகிற உடல்வாகு சில பூனைகளுக்கு உண்டு. பெரும்பாலும் ஒரு வாரம் போலத் தானாகவே அடங்கிவிடும். அதனால்தான் என்ன மருந்து கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தோன்றும். காரணம் வீட்டில் அப்படியே இருந்தால் மறுபடி வரும்.

மெத்தை ஏன் என்றால், வலியோடு பெட்டிக்குப் போன பூனை வலியையும் பெட்டியையும் சேர்த்தே நினைவில் வைக்கிறது. "இங்கே போனால் வலிக்கிறது, வேறு இடம் பார்ப்போம்" என்று தேடும்போது கையில் கிடைப்பது மெத்தை. மென்மையாக இருக்கும், உடனே உறிஞ்சிக்கொள்ளும், காலில் தெறிக்காது. வலி அடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதனால் மருந்தோடு நிற்காமல் பெட்டியையும் அவனுக்குப் பிடித்ததாக மாற்றியாக வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெட்டியில் மூன்று விஷயம் உறுத்துகிறது. வாசனை மணல் நம் மூக்குக்காகச் செய்தது. பூனையின் மோப்பம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை, மூடி போட்ட பெட்டிக்குள் அந்த வாசனை அவனுக்கு நெடியடிக்கும். வாசனை இல்லாத, பொடியாக இருக்கும், கட்டியாகிற பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) மணலைப் பெரும்பாலான பூனைகள் விரும்பும். இரண்டாவது, துவைக்கும் இயந்திரம். அவன் உள்ளே இருக்கும்போது அது ஒரு முறை திடீரென்று அதிர்ந்தால் போதும், அந்த மூலையே பிடிக்காமல் போய்விடும். மூன்றாவது எண்ணிக்கை. எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள். உங்களுக்கு மூன்று. மூன்றையும் ஒரே அறையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே இடம்தான். வெவ்வேறு அறைகளில் வையுங்கள், சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தள்ளியே இருக்கட்டும்.

அளவும் முக்கியம். கடையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சின்னவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் நன்றாகத் திரும்பி உட்காரும். பொருள் அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கம் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பை மழுக்கிவிட்டால் அருமையாக இருக்கும்.

அப்புறம், அவன் பெட்டியைப் பயன்படுத்தும் விதத்தை ஒரு நாள் தூரத்திலிருந்து கவனியுங்கள். பிடித்த பெட்டி என்றால் பூனை உள்ளே இறங்கி மோந்து, குழி தோண்டி, போய், திரும்பி மோந்து நிதானமாக மூடும். பிடிக்காத பெட்டியில் முன்னங்கால் இரண்டும் விளிம்பின் மேல் நிற்கும். மணலைத் தொடாமல் பக்கச் சுவரைப் பிறாண்டும். பாதத்தை உதறும். முடிந்ததும் மூடாமல் பாய்ந்து ஓடும்.

இரவுப்பறவை எழுதியது:

பஞ்சுவையும் கவனியுங்கள். சண்டை என்றால் சீறலும் அடிதடியும்தான் என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு பூனை சும்மா படுத்துக்கிடக்கும், அடுத்தது திரும்பிப் போய்விடும். நமக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். மூடி போட்ட பெட்டிக்கு வாசல் ஒன்றுதான், உள்ளே இருப்பவனுக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது, தப்பிக்கவும் வழி இல்லை.

நாலுகால்தோழி எழுதியது:

சுத்தம் செய்வதைப் பற்றி நான் எழுதுகிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ப்ளீச் வேண்டாம். சிறுநீரில் அமோனியா உண்டு, ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். மூடிய அறையில் அது நமக்கும் கெடுதல், பூனைக்கும் கெடுதல். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் பினாயில் வகைகளும் இருக்கின்றனவே, அவற்றில் ஃபீனால் இருக்கலாம். பூனை அதில் நடந்து பாதத்தை நக்கினால் உடம்புக்குள் போகும். பூனையால் ஃபீனாலைச் சரியாக வெளியேற்ற முடியாது. அந்தப் பாட்டிலைப் பூனை இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

சோப்பும் தண்ணீரும் போட்டால் நாற்றம் போனது போல இருக்கும், காற்றில் ஈரம் கூடியதும் திரும்பி வரும். சிறுநீரிலுள்ள யூரிக் அமில உப்பு தண்ணீரில் எளிதில் கரையாமல் நாரிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். அதை உடைக்க என்சைம் கலந்த திரவம் வேண்டும், செல்லப்பிராணிகளுக்கென்றே விற்கிறார்கள். முதலில் காய்ந்த துணியை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஆழமாக இறங்கும். அப்புறம் சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழத்துக்கு என்சைம் திரவம் இறங்கும்படி தாராளமாக ஊற்றுங்கள். மேலே ஈரத்துணி போட்டு மூடி, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம்வரை காயவிடாமல் வைத்திருந்து, பிறகு காற்றில் உலர்த்துங்கள். ஏற்கெனவே ப்ளீச் போட்ட இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் என்சைம் செயலிழந்துவிடும்.

இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கறைகள் மங்கிய மஞ்சளாக ஒளிரும். நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத இடங்கள் இரண்டு மூன்று கட்டாயம் தென்படும்.

மெத்தைக்குத் தண்ணீர் புகாத உறை போட்டுவிடுங்கள். முடிந்தால் கொஞ்ச காலம் படுக்கையறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். மிளகுவை அந்த அறையிலிருந்து விலக்குவது தண்டனை ஆகாது, புதுப் பழக்கம் பிடிக்க அவனுக்குக் கொடுக்கும் அவகாசம்.

இலையுதிர் எழுதியது:

மூடிய பெட்டி கூடாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என் இரண்டு பூனைகளும் மூடிய பெட்டியைத்தான் தேடிப் போகின்றன. திறந்த பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாம்பல்வால் எழுதியது:

அப்படியே விடுங்கள், மாற்றவே வேண்டாம். மூடி எல்லாப் பூனைக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. பிரச்சினை வந்துவிட்ட வீட்டில் இரண்டு வகையும் வைத்து, எதற்குப் போகிறது என்று பூனையிடமே கேட்டுக்கொள்ளலாம். மணலிலும் இதே வழிதான். பழைய மணலை ஒரே நாளில் தூக்கி எறியாமல், புது மணலை வேறொரு பெட்டியில் வையுங்கள். மூடி இருந்தால் உள்ளே இருப்பது நம் கண்ணில் படாமல் அள்ளுவது தள்ளிப்போகும், என் கவலை அதுதான். தினமும் ஒரு முறையாவது அள்ளியே ஆக வேண்டும்.

பாட்டியும்பூனையும் எழுதியது:

இடையில் என் கேள்வி. எங்கள் பூனைக்குப் பதினான்கு வயது. பெட்டிக்குப் பக்கத்தில், சரியாக ஒரு சாண் தள்ளித் தரையில் போகிறது. பெட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது.

இரவுப்பறவை எழுதியது:

பெட்டிவரை வருகிறதே, அதற்குப் பெட்டியின் மேல் வெறுப்பில்லை. ஏறி இறங்க வலிக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வயதில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம், பூனை நொண்டிக் காட்டாது. முன்பு தாவிய உயரத்துக்கு இப்போது தாவுகிறதா, முதுகை நன்றாக நக்கிச் சுத்தம் செய்கிறதா என்று பாருங்கள். விளிம்பு மிகத் தாழ்வான தட்டாக வையுங்கள், சுற்றிலும் உறிஞ்சும் விரிப்பு போடுங்கள்.

இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீரகத் தளர்ச்சி, சர்க்கரை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மூன்றுமே முதிய பூனைகளுக்கு வருபவை, மூன்றிலும் சிறுநீர் அளவு கூடும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்ன தொற்று விஷயமும் வயதான பூனைக்குப் பொருந்தாது, இவற்றுக்குக் கிருமித்தொற்று வரலாம்.

கருஞ்சிறுத்தை எழுதியது:

என் ஆண் பூனை சுவரில் பின்பக்கமாக நின்று வாலை நடுக்கிக்கொண்டு பீய்ச்சுகிறது. இதுவும் அதே நோயா?

சாம்பல்வால் எழுதியது:

அது எல்லை குறிப்பது, வேறு விவகாரம். நின்றபடி, செங்குத்தான பரப்பில், கொஞ்சமாக. கருத்தடை செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள், பத்தில் ஒன்பது ஆண் பூனைகளுக்கு நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். செய்தும் நிற்கவில்லை என்றால் ஜன்னலுக்கு வெளியே வேறு பூனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் டாக்டரிடம் கேளுங்கள், பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்துகள் பலனளிக்கின்றன. முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

மழைத்துளி எழுதியது:

எல்லோர் சொன்னதையும் செய்யத் தொடங்கிவிட்டேன். இரவுப்பறவை சொன்னது அப்படியே நடக்கிறது. பெட்டிக்குப் போகும் நடைவழியில் பஞ்சு கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். மிளகு வருகிறான், நிற்கிறான், அவள் வால் நுனி மட்டும் ஒரு முறை தரையைத் தட்டுகிறது, இவன் திரும்பிப் படுக்கையறைப் பக்கம் போய்விடுகிறான். ஒரு சத்தம் கிடையாது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், "கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு அதோடு நின்றது.

இப்போது மூன்று பெட்டி, மூன்று அறை. மூடியைக் கழற்றியாயிற்று, மணலையும் மாற்றியாயிற்று. மெத்தைப் பக்கம் போகவில்லை. கால்மிதியில் மட்டும் இடையில் ஒரு முறை போனான், உறவினர்கள் வந்து தங்கியிருந்த சமயம். பூனைகளை அமைதிப்படுத்தும் ஃபெரமோன் (பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வாசனைப் பொருள்) கருவி வாங்கலாமா?

நாலுகால்தோழி எழுதியது:

கால்மிதியை எடுத்துவிடுங்கள், குளித்ததும் போட்டு உடனே எடுத்தால் போதும். ஃபெலிவே வகைக் கருவி எங்கள் வீட்டில் உதவியது. கெடுதல் எதுவும் இல்லை.

இரவுப்பறவை எழுதியது:

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கையில் இருக்கும் பணத்தை முதலில் ஈர உணவுக்குச் செலவிடுவேன். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். சிறுநீர் நீர்த்துப்போனால் புண்பட்ட சிறுநீர்ப்பைக்கு எரிச்சல் குறையும். ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாட்டுக் கிண்ணம், தனித்தனியாக உயரமான இடம். அந்த நடைவழியில் பஞ்சு படுக்கும் இடத்தைவிட நல்ல படுக்கை ஒன்றை வேறு அறையில் போட்டுக் கொடுங்கள், அங்கே போய்விடுவாள். அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் இது புது வீடுதான். விருந்தினர் வரும்போது ஓர் அறையை மிளகுவுக்கென்று ஒதுக்கி, பெட்டி, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்துவிடுங்கள்.

கொல்லைப்புறம் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் பூனையைப் பரிசோதிக்க அழைத்துப் போகிறோம். வீட்டிலேயே சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள். மணலில் போவதை எப்படிப் பிடிப்பது?

நாலுகால்தோழி எழுதியது:

உறிஞ்சாத சின்ன பிளாஸ்டிக் மணிகள் இதற்கென்றே டாக்டரிடம் கிடைக்கும் ஐயா. பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு மிச்சமில்லாமல் அலசிக் காயவைத்து, மணலுக்குப் பதிலாக அதைப் போடுங்கள். வேறு பூனை இருந்தால் இதைத் தனி அறையில் விடுங்கள். போனதும் பெட்டியைச் சாய்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சிச் சுத்தமான குப்பியில் எடுங்கள். மணிகளைத் தொட மறுத்தால் கட்டாயப்படுத்தி அடக்கிவைக்க விட வேண்டாம், டாக்டரே எடுத்துக்கொள்வார். ஆண் பூனை என்றால் இதில் இன்னும் கவனம் தேவை.

எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தால் உடம்பில் இல்லாத படிகங்கள் குப்பியிலேயே உருவாகிவிடும், கல் நோய் இருப்பது போலத் தெரியும். தாமதமாகும் என்றால் வைத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எடுத்த நேரத்தையும் ஃபிரிட்ஜில் வைத்ததையும் குப்பியின் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.